பாலம் கட்டினவர்களைக் காணோமே: எனக்குப் பிடித்த பழைய போர்ப் படங்கள்

கோட்டையூரில் எங்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சினிமாப் பைத்தியம். போன வாரம் இப்படிக் கேட்டிருந்தான்: "பெரியப்பா, பழைய போர்ப் படங்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? இப்போதெல்லாம் தியேட்டரில் குண்டு வெடித்தால் நாற்காலியே அதிர்கிறது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது, இத்தனை வருஷமாக அவற்றையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?"

நல்ல கேள்வி. நேரில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும் என்பதால் எழுதியே தருகிறேன். வேறு யாருக்காவது பயன்பட்டாலும் சரி.

தம்பி, முதலில் எங்கள் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் ஐயா, அதாவது அப்பச்சியைப் (அப்பாவைப்) பெற்றவர், பர்மாவில் ஹென்சாடாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தார். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த மார்ச் 8-ஆம் தேதி ரங்கூனே விழுந்தது. அதற்கு முன்பே ஐயா கிளம்பிவிட்டார். புரோம் வந்து, அரக்கான் மலையை நடந்து தாண்டி, தவுங்கப்பில் கடலைப் பார்த்து, படகு பிடித்து அக்கியாப், அங்கிருந்து சிட்டகாங், அப்புறம் ரயில். லட்சக்கணக்கான பேர் அந்த வருஷம் இப்படி நடந்தார்கள். வழியெல்லாம் காலரா.

அவர் வழி நெடுகச் சிட்டை எழுதியிருக்கிறார். கடைக்கணக்கு எழுதிய அதே கையெழுத்து, மேலே பிள்ளையார் சுழி. படகுக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, கூலி ஆளுக்கு இவ்வளவு. ஓரிடத்தில், கூட வந்த ஒருவரை எரிக்க விறகு வாங்கிய செலவு. அதற்குக் கீழேயே மறுநாள் உப்பு வாங்கியது. அழுதேன், பயந்தேன் என்று ஒரு சொல் கிடையாது. அந்தச் சிட்டையை நான் பதினைந்து வயதில் முதல் முறை படித்தேன். போர் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அதிலிருந்துதான்.

அதனால் ஒரு போர்ப் படத்தில் என் கண் தானாகவே ஒன்றைத்தான் தேடும். இந்த மனிதனின் கையில் இப்போது என்ன வேலை இருக்கிறது? பாலம் கட்டுகிறானா, பிணம் புதைக்கிறானா, சோப்புக்கட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறானா, கணக்கு எழுதுகிறானா? அந்த வேலையை ஒழுங்காகக் காட்டிய படங்களெல்லாம் எனக்கு நினைவில் இருக்கின்றன. சண்டையை மட்டும் காட்டிய படங்கள், எவ்வளவு செலவு செய்து எடுத்திருந்தாலும், ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. எந்தப் படத்தில் எந்த டாங்கி கவிழ்ந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

முதலில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. டேவிட் லீன் இயக்கி 1957-இல் வந்தது. ஏழு ஆஸ்கர் வாங்கியது. கதை நடப்பது சயாம் (இன்றைய தாய்லாந்து) காட்டில், படம் எடுத்தது நமக்குப் பக்கத்தில், இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றின் மேல். நிஜமாகவே மரப்பாலம் கட்டி, நிஜமான ரயிலை ஓட்டி, இரண்டையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கிராபிக்ஸ் இல்லாத காலத்தில் ரயில் ஆற்றில் விழுவதைக் காட்ட ரயிலைத்தான் ஆற்றில் தள்ள வேண்டும். அதற்காக அந்தப் படத்தை நான் பெரிதாகச் சொல்லவில்லை.

அதில் கர்னல் நிக்கல்சன் என்று ஒரு ஆங்கிலேய அதிகாரி. அலெக் கின்னஸ் நடித்தது. ஜப்பானியரிடம் கைதியாக வந்தவர். அதிகாரிகளும் மண் சுமக்க வேண்டும் என்று முகாம் தலைவன் சைட்டோ சொல்கிறான். ஜெனீவா ஒப்பந்தப்படி அது தப்பு என்று இவர் மறுக்கிறார். தகரக் கூண்டில் அடைத்து வெயிலில் போடுகிறார்கள். அசையவில்லை. கடைசியில் சைட்டோ இறங்கி வருகிறான். அதுவரை எல்லோரும் கைதட்டும் கதை. அதற்குப் பிறகுதான் படமே. பாலம் கட்டும் இடத்தைப் பார்க்கிறார் நிக்கல்சன். ஒழுங்கீனமாகக் கிடக்கிறது. தன் ஆட்களுக்கு ஒரு வேலை வேண்டும், கட்டுப்பாடு வேண்டும் என்று நினைத்து, எதிரிக்காக ஒரு நல்ல பாலத்தைக் கட்டிக் கொடுக்க ஆரம்பிக்கிறார். இடம் மாற்றுகிறார், மரம் மாற்றுகிறார், மருத்துவமனையில் படுத்திருப்பவர்களைக் கூட லேசான வேலைக்கு எழுப்புகிறார். முடிந்ததும், இன்னார் தலைமையில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் கட்டியது என்று பலகை அடிக்கிறார்.

அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் வீடுகளின் நிலைவாசல் ஞாபகம் வரும். பர்மாத் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து இழைத்து, கஜலட்சுமி செதுக்கி, கட்டியவர் விலாசத்தையும் வருஷத்தையும் எழுதிவைத்த வாசல்கள். வேலை சுத்தமாக முடிந்தால் மனிதனுக்குப் பெயர் போடத் தோன்றும். அது யாருக்கும் உள்ள ஆசைதான். நிக்கல்சனிடம் அந்த ஆசை, தான் யார், எதிரி யார் என்பதையே மறக்கடிக்கிறது. தன் பக்கத்து ஆட்கள் பாலத்துக்கு வெடி வைத்திருப்பதைப் பார்த்ததும் அதைத் தடுக்க ஓடுகிறார் பார், அந்த ஓட்டம்தான் படம். கடைசி நொடியில் அவருக்கு உறைக்கிறது. "நான் என்ன செய்துவிட்டேன்?" என்கிற அர்த்தத்தில் ஒரே ஒரு வரி. கெட்டவன் ஒருவன் கெட்டது செய்தான் என்று காட்டும் படம் ஒரு நாளில் மறந்துவிடும். நல்ல வேலைக்காரன் ஒருவன், நல்ல வேலையால், இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான் என்பது மறக்காது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது காரைக்குடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். ஐயாதான் கூட்டிக்கொண்டு போனார். இங்கிலீஷ் வசனம் எனக்குப் புரியவில்லை, சீட்டியடித்துக்கொண்டு சிப்பாய்கள் வரிசையாக வரும் பாட்டு மட்டும் பிடித்தது. வீட்டுக்கு வரும் வழியில் நானும் சீட்டியடித்துக்கொண்டே வந்தேன். ஐயா பேசவே இல்லை. வளவுக்குள் வந்து காலைக் கழுவிக்கொண்டே அப்பத்தாவிடம் சொன்னார்: "அங்கன வேலை பாத்தது பூராம் நம்ம ஆளுக. மலாயாத் தோட்டத்துல இருந்து கொண்டுபோனவுக. பாலங் கட்டுனவுகள ஒருத்தரையுங் காணோமே படத்துல."

அது எவ்வளவு உண்மை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்பார்கள். 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000-க்கு மேல் இறந்தார்கள். அவர்களோடு, அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக, ஆசியக் கூலிகள்: தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் நல்ல கூலி தருகிறோம் என்று ஆசைகாட்டியும் வலுக்கட்டாயமாகவும் ஏற்றிக்கொண்டு போனது நம் ஜனங்களை. கைதிகளுக்குக் கூடவே ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், முகாமில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. காலரா வந்தால் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. மதிப்பீடுதான், கணக்கு இல்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டிப் பராமரித்து. நம்மவர்களுக்கு யார் சிட்டை எழுதினார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜத்தில் அந்த முகாமில் மூத்த ஆங்கிலேய அதிகாரியாக இருந்த பிலிப் டூசி, நிக்கல்சன் மாதிரி ஆள் இல்லை. தன் ஆட்களின் உயிரைக் காப்பதற்காக ஜப்பானியரோடு பேசிச் சமாளித்தவர், வேலையில் முடிந்த அளவு கோளாறு செய்யவும் இடம் கொடுத்தவர். உயிரோடு திரும்பிய கைதிகள் பலருக்கு இந்தப் படத்தின் மேல் கோபம் உண்டு. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தார்கள். அதனால் அவர்கள் பெயரே படத்தில் இல்லை. மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்கு ஆஸ்கர் போனது, அவருக்கோ இங்கிலீஷில் எழுத வராது. அந்த இருவருக்கும் விருது போய்ச்சேர்ந்தது 1984-இல், இருவருமே இறந்த பிறகு. வேலை பார்த்தவன் பெயர் இல்லாமல் போவதைப் பற்றி இவ்வளவு பேச வைக்கும் படத்தை எழுதியவர்களுக்கே அந்தக் கதி.

இவ்வளவு குறை சொல்லிவிட்டும் இது எனக்குப் பிடித்த படம்தான். விட்டது இன்னது என்று தெரிந்தே பார்க்கிறேன். நீயும் அப்படிப் பார்.

அதே பர்மா மண்ணில் நடக்கும் இன்னொரு படம், ஜப்பானியர்கள் எடுத்தது. கோன் இச்சிகாவா இயக்கிய 'பர்மாவின் யாழ்'. 1956. என்னைக் கேட்டால் இந்தப் பதிலில் வரும் படங்களில் இதுதான் முதலில் நிற்க வேண்டும். குவாயை முன்னால் சொன்னது ஐயாவுக்காக.

ஒரு ஜப்பானியப் படைப்பிரிவு. அதன் தலைவர் முன்பு பாட்டு படித்தவர், ஆட்களுக்குச் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மிசுஷிமா என்ற சிப்பாய் பர்மிய யாழ் வாசிப்பான். ஒரு கிராமத்தில் எதிரிகள் தங்களைச் சூழ்ந்துவிட்டார்கள் என்று தெரிகிறது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பாடிக்கொண்டே வெடிமருந்து வண்டியை உள்ளே இழுக்கிறார்கள். பாட்டு முடிகிறது. காட்டுக்குள்ளிருந்து அதே மெட்டு இங்கிலீஷில் வருகிறது. வீடுதான் சொர்க்கம் என்கிற அந்தப் பழைய பாட்டு இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த பாட்டு. யாரும் சுடவில்லை. போர் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

வேறு இயக்குநராக இருந்தால் படத்தை இங்கே முடித்திருப்பார். இச்சிகாவா இங்கேதான் ஆரம்பிக்கிறார். மலையில் ஒளிந்துகொண்டு சரணடைய மறுக்கும் இன்னொரு படையைப் பேசி இறக்க மிசுஷிமாவை அனுப்புகிறார்கள். அவர்கள் கேட்கவில்லை, சாகிறார்கள். காயத்தோடு தப்பிய மிசுஷிமா ஒரு பிக்குவின் துவராடையைத் திருடிப் போட்டுக்கொண்டு தன் ஆட்களைத் தேடி நடக்கிறான். வழியெல்லாம் ஜப்பானியச் சிப்பாய்களின் பிணங்கள், புதைக்க ஆளில்லாமல். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறான். ஓரிடத்தில் பிரிட்டிஷ் மருத்துவமனைக்காரர்கள் பெயர் தெரியாத ஒரு ஜப்பானியச் சிப்பாயைப் புதைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். எதிரிகள் செய்கிறார்கள், நான் தாண்டிப் போகிறேனே என்று அவனுக்கு உறைக்கிறது. திரும்பி நடக்கிறான். வந்த வழியிலேயே. கையால் மண்ணைத் தோண்டிப் புதைக்க ஆரம்பிக்கிறான்.

அந்தத் துவராடை முதலில் வேஷம். வேலை செய்யச் செய்ய அது அவனுடைய உடையாகவே ஆகிவிடுகிறது. எந்தக் காட்சியில் ஆனது என்று விரல்வைத்துக் காட்ட முடியாது. தோழர்கள் ஒரு கிளிக்கு "மிசுஷிமா, சேர்ந்து ஜப்பானுக்குப் போவோம்" என்று சொல்லப் பழக்கி, அந்தப் பிக்குவிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பதிலுக்கு இன்னொரு கிளி வருகிறது, என்னால் திரும்ப முடியாது என்று சொல்லிக்கொண்டு. கிளியை வைத்து இப்படிக் கண்ணீர் வரவழைக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இதிலும் குறை உண்டு. ஜப்பானிய ராணுவம் பர்மாவில் மற்றவர்களுக்குச் செய்த கொடுமை இந்தப் படத்தில் கிட்டத்தட்ட இல்லை. பர்மியர்கள் அன்பான பின்னணியாக மட்டும் வருகிறார்கள். ஐயா இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் விறகு வாங்கிய அந்தச் செலவு வரி என் மனதில் இருப்பதால், பிணத்தைத் தாண்டிப் போக முடியாமல் திரும்பிய ஒருவனை என்னால் ஒதுக்க முடியவில்லை.

ரஷ்யப் படம் ஒன்று. கிரிகோரி சுக்ராய் 1959-இல் எடுத்த 'ஒரு சிப்பாயின் கதைப்பாடல்'. எழுபதுகளின் கடைசியில் ஒரு திரைப்படச் சங்கம் பதினாறு எம்.எம். சுருளைக் கொண்டுவந்து கல்லூரிக் கூடத்தில் போட்டது. சுருள் மாற்றும்போது விளக்கைப் போட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அல்யோஷாவுக்குப் பத்தொன்பது வயது. பயத்தில் ஓடி, ஓடமுடியாமல் திரும்பிச் சுட்டு, இரண்டு டாங்கிகளை அடித்துவிடுகிறான். பதக்கம் தருகிறோம் என்கிறார் தளபதி. பதக்கம் வேண்டாம், அம்மா கடிதம் எழுதியிருக்கிறாள், வீட்டுக்கூரை ஒழுகுகிறதாம், போய்ப் பழுதுபார்த்துவிட்டு வருகிறேன் என்கிறான். போக இரண்டு நாள், இருக்க இரண்டு நாள், வர இரண்டு நாள். வழியில் ஒரு சிப்பாய் தன் மனைவிக்குக் கொடுக்கச் சொல்லிச் சோப்புக்கட்டி தருகிறான். அது அந்தப் பிரிவுக்கே கிடைத்த சோப்பு, எல்லோரும் சம்மதித்துக் கொடுத்துவிட்டது. அதைச் சேர்ப்பது இவன் பொறுப்பு. வீட்டைக் கண்டுபிடித்துப் போனால் அந்த மனைவி வேறொருவனோடு இருக்கிறாள். கொடுத்துவிட்டு வந்தவன் திரும்ப ஓடிப்போய்ச் சோப்பை வாங்கிக்கொண்டு, அந்தச் சிப்பாயின் தகப்பனாரிடம் சேர்க்கிறான். இப்படி ஒவ்வொருவருக்காக ஒவ்வொரு மணி நேரமாகச் செலவாகி, அம்மாவைப் பார்க்கச் சில நிமிஷங்கள்தான் மிஞ்சுகின்றன. கூரை அப்படியே இருக்கிறது.

இவன் திரும்பி வரப்போவதில்லை என்று படம் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறது. ஊரை விட்டு வெளியே போகும் மண்பாதையைப் பார்த்துக்கொண்டு அந்த அம்மா நிற்கிறாள். எங்கள் அப்பத்தா 1942-இல் நான்கு மாதம் கடிதம் இல்லாமல் முகப்புத் திண்ணையில் தபால்காரருக்காக உட்கார்ந்திருந்ததைப் பிற்காலத்தில் சொல்லுவார். "கடுதாசி வரலேன்னு சொல்லிட்டுப் போனாக் கூடப் போதும்னு இருந்துச்சு" என்பார். அப்பத்தாவின் காத்திருப்பு முடிந்தது. அந்த அம்மாவுடையது முடியவில்லை.

மேற்கே போவோம். ஜான் ரெனுவா 1937-இல் எடுத்த பிரெஞ்சுப் படம், பெயருக்குப் 'பெரும் மாயை' என்று அர்த்தம். முதல் உலகப் போர்க் கைதிகளின் கதை. தப்பிக்கச் சுரங்கம் தோண்டுகிறார்கள், மண்ணைக் கால்சட்டைக்குள் போட்டு வெளியே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பிற்காலத்தில் எத்தனையோ படங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டன. பொதுவாக இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், ஜெர்மன் தளபதிக்கும் பிரெஞ்சுப் பிரபுவுக்கும் இடையில் உள்ள மரியாதையைப் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்கு அதைவிடக் கடைசிப் பகுதி.

தப்பித்து வந்த இரண்டு பேருக்கு ஒரு ஜெர்மன் விவசாயப் பெண் அடைக்கலம் கொடுக்கிறாள். சுவரில் படங்கள். கணவன் வெர்தூனில் இறந்தான். சகோதரர்கள் லியேஜில், ஷார்ல்ருவாவில், டானென்பெர்க்கில். நம்முடைய பெரிய வெற்றிகள், என்கிறாள். பிறகு, இப்போது மேசை ரொம்பப் பெரிதாகிவிட்டது என்கிறாள். நீளமான சாப்பாட்டு மேசை, ஓரத்தில் ஒரு சின்னப் பெண்குழந்தை மட்டும்.

செட்டிநாட்டில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஒரே பந்தியில் நூறு இலை போடும் கூடம், இப்போது ஒரு ஆச்சிக்கு ஒரு இலை. நம் வீடுகள் பெரிதாகிப்போனதற்குப் போர் மட்டும் காரணம் இல்லை, பர்மாவில் போன சொத்தும், பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போனதும் சேர்ந்ததுதான். ஆனாலும் அந்தப் பெண் அப்படிச் சொல்லும்போது எங்கள் இரண்டாங்கட்டு என் கண் முன் வந்துவிடும். ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு இந்தப் படத்தைக் கண்டால் ஆகாது, சினிமாவில் முதல் எதிரி என்று சொன்னார். துப்பாக்கிச் சண்டை இல்லாத ஒரு படத்துக்கு அந்தப் பயம் ஏன் வந்தது என்று பார்த்தால் தெரியும்.

'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்', 1930. லூயிஸ் மைல்ஸ்டோன். இதில் ஒரு ஜோடி பூட்ஸ் வருகிறது. நல்ல தோல் பூட்ஸ். கால் போன பையனிடமிருந்து அடுத்தவனுக்கு, அவன் செத்ததும் அடுத்தவனுக்கு. ஒருவர் கூட அழாமல் எத்தனை பேர் போனார்கள் என்று பூட்ஸ் கணக்குச் சொல்லும். கடைசியில் பட்டாம்பூச்சியைத் தொட நீளும் கை, நடிகனுடையது இல்லை, இயக்குநர் மைல்ஸ்டோனுடைய கை. பெர்லினில் இதைத் திரையிட்டபோது நாஜிகள் தியேட்டருக்குள் எலிகளை விட்டுக் கலாட்டா செய்தார்கள். ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யையும் (1957) இதோடு சேர்த்துப் பார். முடியாத தாக்குதலுக்கு அனுப்பிவிட்டு, முடியவில்லை என்பதற்காகச் சொந்தச் சிப்பாய்கள் மூன்று பேரை விசாரணை நடத்திச் சுடுகிறார்கள். பிரான்சில் 1975 வரை அது திரைக்கு வரவில்லை.

பெரிய நட்சத்திரங்களும் பீரங்கிகளும் நிறைந்த அறுபதுகளின் படங்கள், 'கன்ஸ் ஆஃப் நவரோன்', 'தி லாங்கஸ்ட் டே', 'வேர் ஈகிள்ஸ் டேர்' எல்லாம் நானும் விசிலடித்துப் பார்த்தவைதான். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன்: 'தி கிரேட் எஸ்கேப்' (1963). அதில் தையல் போடுகிறவன், போலிக் காகிதம் எழுதுகிறவன், மண் கொட்டுகிறவன் என்று ஒவ்வொருவர் கையிலும் வேலை இருக்கிறது.

சரி, தமிழில் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது, நாம் அவற்றைப் போர்ப் படம் என்று அழைப்பதில்லை.

'பராசக்தி' (1952). எல்லோரும் நீதிமன்ற வசனத்தை நினைவில் வைத்திருக்கிறோம், கலைஞரின் எழுத்து, சிவாஜியின் முதல் படம், அதெல்லாம் சரி. ஆனால் அந்தக் குடும்பம் சிதறியதே ரங்கூனில் விழுந்த குண்டால்தான். மூன்று அண்ணன்மார் அங்கே, தங்கை கல்யாணி மதுரையில். கல்யாணத்துக்கு வரக் கப்பலில் ஒரே ஒரு சீட்டுத்தான் கிடைக்கிறது. மற்றவர்கள் அகதிகளாக நடக்கிறார்கள், வழியில் ஒருவன் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான். நீதிமன்றத்தில் வந்து நிற்கும் அத்தனை அநியாயத்துக்கும் முதல் கண்ணி அந்த ஒரு சீட்டு. பர்மாவிலிருந்து வந்தவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் படம் போட்டால், நீதிமன்றக் காட்சிக்கு முன்பே பெரியவர்கள் எழுந்து உள்ளே போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

படத்தை எடுத்ததில் ஏவி.எம்.முக்கும் பங்கு உண்டு. மெய்யப்ப செட்டியார் நம் காரைக்குடிக்காரர். நாற்பதுகளில் அவர் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு, 1947-இல் 'நாம் இருவர்' படத்தை இங்கேதான் எடுத்தார். 1954-இல் அதே ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' பார்த்திருக்கிறாயா? வீணை எஸ்.பாலசந்தர் இயக்கியது. 1943 அக்டோபர் 11 அன்று சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்டது நிஜம். அதைச் சுற்றி ஒரு கொலை. செத்தவன் ரேடியோ என்ஜினீயர். யார் கொன்றது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. வந்தபோது சரியாக ஓடவில்லை. முடிவை நான் சொல்ல மாட்டேன். பண்டரிபாய் முகத்தை மட்டும் கவனி. நாட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் போர் அது. குண்டு விழுந்த ஒரு நகரத்தை ஒரு வீட்டின் கூடத்துக்குள் வைத்துக் காட்டியது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

சிறுகூடல்பட்டிக் கவிஞரைச் சொல்லாமல் விட்டால் நம் பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்', சீனப் போரைப் பின்னணியாகக் கொண்டது. கண்ணதாசன் பாட்டெழுதி, ஒரு பாட்டில் தானே தோன்றியும் இருக்கிறார். போர்க்களக் காட்சிகள் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் "பசுமை நிறைந்த நினைவுகளே" பாட்டு, கல்லூரி முடிந்து நண்பர்கள் பிரியும்போது வருவது, அது தனி. அந்தப் பையன்களில் யார் எங்கே போவார்கள் என்று பாடும்போது அவர்களுக்குத் தெரியாது. அதே போரை 1964-இல் சேத்தன் ஆனந்த் இந்தியில் 'ஹகீகத்' என்று லடாக்கில் போய் எடுத்தார். பின்வாங்கும் சிப்பாய்களைக் காட்டும் தைரியம் அவருக்கு இருந்தது, மதன் மோகனின் இசைக்காகவே ஒரு முறை பார்க்கலாம்.

எந்த வரிசையில் பார்ப்பது என்று அடுத்து கேட்பாய். 'சிப்பாயின் கதைப்பாடல்' ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதை முதலில் பார். மறுநாள் 'பர்மாவின் யாழ்'. இச்சிகாவா 1985-இல் அதையே கலரில் மறுபடி எடுத்தார், நீ பழையதைப் பார். குவாய்க்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். 'பராசக்தி'யைத் தனியாகப் பார்க்காதே, உங்கள் ஆயாவோடு உட்கார்ந்து பார். ரங்கூன் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் எந்த ஊரில் கடை வைத்திருந்தார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று கேள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வா, ஐயாவின் சிட்டையை எடுத்து வைக்கிறேன்.